வியூ: டெம்ப்ளேட்டில் இணைத்த ஃபங்ஷன் சில நேரங்களில் இயங்குவதில்லை – உதவி தேவை

இளநிரல்:
நண்பர்களே, வணக்கம். வியூ (Vue) என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கில் தேடல் பெட்டி ஒன்றைக் கம்போனென்ட்டாக (பல இடங்களில் பயன்படுத்தக்கூடிய தனிப் பகுதியாக) எழுதியிருக்கிறேன். பயனர் தட்டச்சு செய்வதை நிறுத்திச் சற்று நேரம் கழிந்த பிறகே தேடல் தொடங்க வேண்டும். அதற்கான ஃபங்ஷனை, கம்போனென்ட்டின் ஃபங்ஷன்களை எழுதும் மெத்தட்ஸ் பகுதியில் அறிவித்து, திரையில் தோன்றுவதை எழுதும் டெம்ப்ளேட்டில் இன்புட் நிகழ்வோடு இணைத்திருக்கிறேன். பெரும்பாலும் ஒழுங்காக இயங்குகிறது. சில நேரங்களில் மட்டும் தேடல் நடப்பதே இல்லை. கன்சோலில் பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. நாளைக்குள் ஒப்படைக்க வேண்டிய வேலை. இணைத்த முறையில் என்ன கோளாறு இருக்கக்கூடும்? அலுவலக நிரல் என்பதால் இங்கே ஒட்ட இயலாது.

வரிக்குவரி:
வியூ 2-ஆ, 3-ஆ? மெத்தட்ஸ் போன்ற பகுதிகளாகப் பிரித்து எழுதும் ஆப்ஷன்ஸ் ஏபிஐ-யில் எழுதியிருக்கிறீர்களா, செட்டப் என்ற ஒரே இடத்தில் எழுதும் கம்போசிஷன் ஏபிஐ-யிலா? டெம்ப்ளேட்டில் ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறீர்களா, அடைப்புக்குறி போட்டு அழைத்திருக்கிறீர்களா? ‘சற்று நேரம் கழிந்த பிறகு’ என்கிறீர்கள். அந்தத் தாமதத்தை எதைக் கொண்டு ஏற்படுத்துகிறீர்கள்? இவை தெரியாதவரை யார் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

அம்புமுனை:
மெத்தட்ஸ் பகுதியில் ஏரோ ஃபங்ஷன் (=> குறியால் எழுதும் ஃபங்ஷன்) எழுதியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அங்கே அறிவிக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனையும், கம்போனென்ட் உருவாகும்போது வியூவே அந்த இன்ஸ்டன்ஸோடு (உருவாகும் அந்த ஒரு பிரதியோடு) பைண்ட் செய்துவிடுகிறது; அதாவது, ஃபங்ஷனுக்குள் ‘திஸ்’ என்பது அந்தப் பிரதியைக் குறிக்கும். ரியாக்ட் லைப்ரரியின் கிளாஸ் கம்போனென்ட்டுகளில் செய்வதுபோல் கன்ஸ்ட்ரக்டரில் ஒவ்வொன்றாக நாம் பைண்ட் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஏரோ ஃபங்ஷனின் ‘திஸ்’ எது என்பது அது எழுதப்பட்ட இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே வியூ செய்யும் பைண்ட் அதனிடம் பலிக்காது. சாதாரண ஃபங்ஷனாக மாற்றினால் சரியாகிவிடும்.

கீழ்க்கோடு:
அம்புமுனை சொல்வது உண்மையான செய்திதான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. மாட்யூலின் (நிரல் கோப்பின்) மேல்மட்டத்தில் ‘திஸ்’ அன்டிஃபைன்ட் ஆக, அதாவது மதிப்பின்றி, இருக்கும். அதிலிருந்து எதைப் படிக்க முயன்றாலும் ஒவ்வொரு முறையும் கன்சோலில் பிழை விழும். இவருக்குப் பிழையே வரவில்லை. என் சந்தேகமெல்லாம் டெம்ப்ளேட்டின் மீதுதான். ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுத்தால் நிகழ்வுப் பொருள் முதல் ஆர்குமென்ட்டாகத் தானே வந்து சேரும்; அடைப்புக்குறி போட்டு அழைத்தால் வராது, நாமே அனுப்ப வேண்டும். அதைவிட, டெம்ப்ளேட்டிலேயே ஓர் ஏரோ ஃபங்ஷன் எழுதி, அதனுள் தேடல் ஃபங்ஷனின் பெயரை மட்டும் வைத்து அடைப்புக்குறியை விட்டுவிட்டால், தேடலும் நடக்காது, பிழையும் வராது.

அம்புமுனை:
அப்படியானால் ஒருபோதும் நடக்காது. இவரோ பெரும்பாலும் நடக்கிறது என்கிறார். நீங்கள் என் விடைக்குச் சொன்ன மறுப்பு உங்கள் விடைக்கும் பொருந்துகிறது.

பழையதடம்:
‘சில நேரங்களில் இயங்குவதில்லை’ என்பது பயனர் சொல்லும் புகார். நிரலர் சொல்லக்கூடிய விவரம் அன்று. எந்த நேரங்களில் என்று கவனித்து எழுதும் பழக்கம் இல்லாதவர்களுக்கு எத்தனை பேர் உதவினாலும் பயன் இல்லை. நிகழ்வுகளைக் கையாளுவது பற்றியும் மெத்தட்ஸ் பற்றியும் வியூவின் ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அதை முழுவதும் படித்துவிட்டு வாருங்கள். இந்தக் கேள்வியே எழாது.

இளநிரல்:
வியூ 3, ஆப்ஷன்ஸ் ஏபிஐ. ஏரோ ஃபங்ஷன் இல்லை. டெம்ப்ளேட்டில் பெயர் மட்டும். தாமதத்துக்கு லோடாஷ் லைப்ரரியின் டிபவுன்ஸ் (கடைசி அழைப்புக்குப் பின் குறித்த நேரம் கழிந்தே ஃபங்ஷனை ஓட்டுவது), 500 மில்லிவினாடி. மெத்தட்ஸ் பகுதியிலேயே தேடல் ஃபங்ஷனை அதனுள் பொதிந்து அறிவித்திருக்கிறேன்.

கீழ்க்கோடு:
டிபவுன்ஸ் இருக்கிறதென்றால் வேறொன்றும் நடக்கக்கூடும். முதலில் அனுப்பிய கோரிக்கைக்கான விடை, பிறகு அனுப்பியதன் விடைக்குப் பின்னால் வந்து சேர்ந்தால், திரையில் பழைய முடிவே நிற்கும். பார்ப்பவருக்குத் தேடல் நடக்கவில்லை என்று தோன்றும். முந்தைய கோரிக்கையை அபார்ட் கன்ட்ரோலர் (அனுப்பிய கோரிக்கையை நடுவில் நிறுத்தும் வசதி) கொண்டு கைவிட்டுப் பாருங்கள்.

வரிக்குவரி:
அதற்கு முன் ஒரு கேள்வி. இந்தக் கம்போனென்ட் ஒரே பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பயன்படுகிறதா? மெத்தட்ஸ் பகுதியில் டிபவுன்ஸ் என்று கேட்டதும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

புதியபாதை:
எத்தனை இடங்களில் என்ற ஆராய்ச்சியே தேவையில்லை. கம்போசிஷன் ஏபிஐ-யின் ஸ்கிரிப்ட் செட்டப்புக்கு மாறிவிடுங்கள். அதனுள் எழுதுவது ஒவ்வோர் இன்ஸ்டன்ஸ் உருவாகும்போதும் புதிதாக ஓடும். டெம்ப்ளேட்டுக்குச் செல்லும் ஃபங்ஷனும் அந்தந்த இன்ஸ்டன்ஸுக்கு உரியதாகவே பிறக்கும். ‘திஸ்’ என்ற சொல்லையே எழுத வேண்டியிருக்காது. 2020-இல் வியூ 3 வெளிவந்தபோதே கம்போசிஷன் ஏபிஐ அதனுடன் வந்துவிட்டது. இன்னும் மெத்தட்ஸ் எழுதுவதற்கு என்ன காரணம் இருக்கிறது?

பழையதடம்:
நாளை ஒப்படைக்க வேண்டியவரிடம் முழுக் கம்போனென்ட்டையும் மாற்றி எழுதச் சொல்வது பொறுப்பான அறிவுரை அன்று. ஆப்ஷன்ஸ் ஏபிஐ விலக்கப்பட்டதும் அன்று. வியூ 3-இன் முழுமையான பகுதியாக இன்றும் இருக்கிறது. எந்த ஃபங்ஷன் எங்கே இருக்கும் என்பதை நிரலின் அமைப்பே சொல்லிவிடுவதால், பலர் சேர்ந்து பராமரிக்கும் நிரலில் அதைப் படிப்பது எளிது.

புதியபாதை:
அமைப்பு தெளிவாக இருப்பதால்தானே இந்தக் கோளாறு கண்ணில் படாமல் ஒளிந்திருக்கிறது? அறிவிக்கும் இடத்தில் எழுதிய டிபவுன்ஸ் எப்போது ஓடுகிறது என்பதை அந்த அமைப்பு காட்டவே இல்லை.

இளநிரல்:
ஆம், பக்கத்தில் இரண்டு பெட்டிகள் உள்ளன. ஒன்று பொருளைத் தேட, மற்றொன்று வாடிக்கையாளரைத் தேட. முதல் பெட்டியில் எழுதிவிட்டு டேப் விசையை அழுத்தி உடனே இரண்டாவதில் எழுதினால், முதல் பெட்டியின் தேடல் நடக்கவில்லை. ஆனால் இரண்டு பெட்டிகளுக்கும் ஃபங்ஷன் பொதுவானது அன்று; ரெஃப் (கம்போனென்ட்டை நிரலிலிருந்து எட்டும் வசதி) வழியாக இரண்டின் தேடல் ஃபங்ஷனையும் எடுத்து மூன்று சமக்குறியால் ஒப்பிட்டேன், ஃபால்ஸ் என்றே வந்தது.

வரிக்குவரி:
அந்த ஃபால்ஸ்தான் உங்களைத் திசைதிருப்புகிறது. நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன். கம்போனென்ட்டின் வரையறை உள்ள கோப்பு ஒரே ஒரு முறைதான் ஓடுகிறது. மெத்தட்ஸ் பகுதியில் நீங்கள் எழுதிய டிபவுன்ஸ் அழைப்பும் அப்போது ஒரு முறை மட்டுமே ஓடி, ஒரே ஒரு ஃபங்ஷனைத் திருப்பித் தருகிறது. பிறகு இரண்டு பெட்டிகள் உருவாகும்போது, வியூ அந்த ஒரே ஃபங்ஷனை ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகப் பைண்ட் செய்கிறது. பைண்ட் செய்தால் கிடைப்பது புதிய வெளியுறை. நீங்கள் ஒப்பிட்டவை அந்த வெளியுறைகளை. அவை வெவ்வேறானவை என்பதால் ஃபால்ஸ் வந்தது. உள்ளே இருக்கும் டிபவுன்ஸ் ஒன்றே.

அந்த ஒன்று தனக்குள் ஒரு டைமரையும், கடைசியாக வந்த ‘திஸ்’ஸையும், கடைசியாக வந்த ஆர்குமென்ட்டுகளையும் வைத்துக்கொண்டிருக்கிறது. பொருள் பெட்டியில் எழுதியதும் 500 மில்லிவினாடி எண்ணத் தொடங்குகிறது. அது முடிவதற்குள் வாடிக்கையாளர் பெட்டியில் ஓர் எழுத்தை அழுத்தினால் காத்திருப்பு புதிதாகத் தொடங்குகிறது, ‘திஸ்’ இரண்டாவது பெட்டியாக மாறிவிடுகிறது. நேரம் முடிந்ததும் இரண்டாவது பெட்டியின் தேடல் மட்டும் நடக்கிறது. முதல் பெட்டியின் அழைப்பு பிழை ஏதுமின்றி மறைந்துபோகிறது. மெதுவாக எழுதுபவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ‘சில நேரங்களில்’ என்று உங்களுக்குத் தோன்றியதற்குக் காரணமும் அதுதான்.

உறுதி செய்துகொள்ள விரும்பினால் தாமதத்தை 3000 மில்லிவினாடியாக உயர்த்தி, தேடல் ஃபங்ஷனுக்குள் எந்தப் பெட்டி என்பதைக் கன்சோலில் அச்சிடுங்கள். இரண்டு பெட்டிகளிலும் அடுத்தடுத்து எழுதினால் ஒரே ஒரு வரிதான் வரும்.

தீர்வு சிறியது. மெத்தட்ஸ் பகுதியில் தேடலை டிபவுன்ஸ் இல்லாத சாதாரண ஃபங்ஷனாக வையுங்கள். கிரியேட்டெட் ஹுக்கில் (இன்ஸ்டன்ஸ் உருவாகும்போது வியூ ஓட்டும் ஃபங்ஷனில்) அதை டிபவுன்ஸால் பொதிந்து, ‘திஸ்’ஸின் மீது வேறொரு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள், டெம்ப்ளேட்டில் அந்தப் பெயரை இணையுங்கள். கிரியேட்டெட் ஒவ்வோர் இன்ஸ்டன்ஸுக்கும் தனியாக ஓடுவதால் டைமரும் தனித்தனியாகிவிடும். அன்மவுண்டெட் ஹுக்கில் (இன்ஸ்டன்ஸ் நீங்கும்போது ஓடுவதில்) அந்த ஃபங்ஷனின் கேன்சலை அழைக்கவும் வேண்டும்; இல்லையென்றால் பெட்டி பக்கத்திலிருந்து நீங்கிய பிறகும் நிலுவையில் உள்ள தேடல் ஓடிவிடும்.

பழையதடம்:
இதுவும் ஆவணத்தில் மெத்தட்ஸ் பற்றிய பகுதியிலேயே, டிபவுன்ஸையே எடுத்துக்காட்டாக வைத்து, சொல்லப்பட்டிருக்கிறது. நான் படிக்கச் சொன்னது காரணமின்றி அன்று.

புதியபாதை:
ஸ்கிரிப்ட் செட்டப்பில் எழுதியிருந்தால் இந்த விளக்கம் எதுவும் தேவைப்பட்டிருக்காது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

கீழ்க்கோடு:
அப்படி முழு உறுதி தர இயலாது. டிபவுன்ஸ் செய்த ஃபங்ஷனைத் தனிக் கோப்பின் மேல்மட்டத்தில் எழுதி, அதை இரண்டு இடங்களில் இம்போர்ட் செய்தால், கம்போசிஷன் ஏபிஐ-யிலும் இதே கோளாறு இதே வடிவில் வரும். அதே கம்போனென்ட்டில் செட்டப் இல்லாத சாதாரண ஸ்கிரிப்ட் பகுதி ஒன்றைச் சேர்த்து அங்கே எழுதினாலும் அப்படித்தான். டைமர் போல நிலையைச் சுமக்கும் ஃபங்ஷன் எந்த இடத்தில் பிறக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. எந்த ஏபிஐ என்பது அதற்கு அடுத்தது.

புதியபாதை:
தனிக் கோப்பில் எழுதுபவர் டிபவுன்ஸைக் கம்போசபிளுக்கு (செட்டப்பிலிருந்து அழைக்கும் பொது ஃபங்ஷனுக்கு) உள்ளே அழைக்க வேண்டும் என்பது அடிப்படை. ஆனாலும் நீங்கள் சொல்லும் நிலை வரக்கூடும் என்பதை ஏற்கிறேன்.

இளநிரல்:
கிரியேட்டெட்டுக்கு மாற்றிவிட்டேன். இரண்டு பெட்டிகளும் தனித்தனியாகத் தேடுகின்றன. அனைவருக்கும் நன்றி.

வரிக்குவரி:
மகிழ்ச்சி. அன்மவுண்டெட்டில் கேன்சலும் சேர்த்துவிட்டீர்களா? அந்தப் பெட்டிகள் வி-இஃப்புக்குள் (நிபந்தனைப்படி சேர்க்கவோ நீக்கவோ செய்யும் வியூ கட்டளைக்குள்) இருந்தால் அது கட்டாயம் தேவைப்படும்.