முதல் அகமதிப்பீட்டுத் தேர்விலேயே தவறிய தங்கை: கல்லூரியில் யாரிடம் பேசுவது?

கோத்தகிரி அக்கா கேட்டது:

என் தங்கை உதகையில் ஒரு கல்லூரியில் இளம் அறிவியல் வேதியியல் முதலாண்டு படிக்கிறாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவளுக்கு இப்போது பாடமெல்லாம் ஆங்கிலத்தில் நடக்கிறது. முதல் அகமதிப்பீட்டுத் தேர்வில் மூன்று தாள்களில் தவறிவிட்டாள். அவளுடைய நோட்டைப் புரட்டினேன். முதல் இரண்டு வாரப் பக்கங்கள் நிறைந்திருந்தன. அதற்குப் பிறகு தேதியும் தலைப்பும் மட்டுமே இருந்தன. மழை நாளில் பேருந்து தாமதமாகி, வகுப்பு வாசலில் எல்லார் முன்னிலையிலும் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து, நேரமாகிவிட்டால் பேருந்து நிலையத்திலிருந்தே திரும்பிவிடுகிறாள் என்பது போன வாரம்தான் எங்களுக்குத் தெரிந்தது. படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்கிறாள். பசுந்தேயிலை பறித்துப் பிழைக்கும் பெற்றோருக்கும் எனக்கும் யாரை அணுகுவதென்று தெரியவில்லை.

குன்னூர், ஓய்வுபெற்ற பேராசிரியர்:

அம்மா, மதிப்பெண்ணுக்கு முன் வருகைப்பதிவைக் கவனியுங்கள். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள்கள் என்றால், தேர்வெழுதப் பொதுவாகக் கேட்கப்படும் 75 விழுக்காடு வருகைக்கு 68 நாள்கள் வந்தாக வேண்டும். விடக்கூடியவை 22 நாள்களே. அரை மணி நேரத் தாமதத்துக்காக ஒரு முழு நாளை விட்டால் அவை விரைவில் தீர்ந்துவிடும். அகமதிப்பீட்டில் இழந்ததை அடுத்த தேர்விலும் ஒப்படைப்பிலும் பெருமளவு ஈடுகட்டலாம், பல்கலைக்கழகத் தேர்வில் தவறினாலும் அரியர் எழுதலாம். ஆனால் வருகை குறைந்தால் தேர்வு எழுதவே அனுமதி கிடைக்காமல் போகக்கூடும்.

மாணவர்கள் டியூட்டர் என்று அழைக்கும் வகுப்புப் பொறுப்பாசிரியரை, வகுப்பு முடிந்த பிற்பகலில், தங்கையையும் அழைத்துக்கொண்டு சென்று பாருங்கள். அக்கா வந்தால் போதும். பேருந்து நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், தாமதமாக வந்தால் அடுத்த பாடவேளையிலிருந்தாவது வருகை கிடைக்குமா என்று கேளுங்கள். பின்வரிசையில் பேசாமல் அமர்ந்திருந்த பிள்ளைகள் ஏன் வராமற்போனார்கள் என்று நானே பல முறை கேட்கத் தவறியிருக்கிறேன்; அவர்கள் வீட்டிலிருந்து ஒருவர் வந்து சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

கூடலூர், மூன்றாமாண்டு மாணவி:

அக்கா, நானும் தமிழ் வழியில் வந்தவள்தான். வகுப்பில் "பஃபர் சொல்யூஷன்" என்று கேட்டுப் பயந்தேன். அது பன்னிரண்டாம் வகுப்பில் படித்த தாங்கல் கரைசல்தான் என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இரு மொழிகளிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்து, நோட்டின் இடப்பக்கத்தில் சொற்களை இணையாக எழுதச் சொல்லுங்கள். ஆங்கில வழிப் படிப்பிலும் தாய்மொழியில் தேர்வெழுத அனுமதிக்குமாறு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவில் இப்போதே விசாரியுங்கள். ஆறாம் வகுப்பு முதலே அரசுப் பள்ளி என்றால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்குக்கு வரும். விண்ணப்பித்தாளா என்றும் பாருங்கள்.

கோத்தகிரி அக்கா:

இருவருக்கும் நன்றி. நேற்று பொறுப்பாசிரியரைச் சந்தித்தோம். இதுவரை வருகையில் பதினொரு நாள்கள் போயிருக்கின்றன. பேருந்து நேரத்தை எழுதி வாங்கிக்கொண்டு, துறைத் தலைவரிடம் தாமே பேசுவதாகச் சொன்னார். இன்று மழையில் பேருந்து தாமதமானது. தங்கை இரண்டாம் பாடவேளைக்குப் போய் அமர்ந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினாள்.