புதுப்பிப்பு: சியம் ரீப் குழந்தைகள் இல்லமா, சியாங் மாய் யானைகளா?

கம்போடியாவின் சியம் ரீப்பில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இரண்டு வாரம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. அந்த இல்லத்துக்குப் போகவில்லை.

கம்போடிய இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை தாங்காமல், பிள்ளை படிக்கட்டும் என்று அனுப்பிவிடுகிறார்கள். பயணிகள் பணம் கொடுக்கக் கொடுக்க இல்லங்களும் பெருகின. எனக்கு வந்த விண்ணப்பத்தில் கட்டணமும் பாஸ்போர்ட் நகலும்தான் கேட்டிருந்தார்கள். போலீஸ் சான்றிதழ் பற்றிப் பேச்சே இல்லை. முன்பின் தெரியாத ஒருவரை இப்படியா பிள்ளைகளிடம் விடுவது? அதைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம் தாய்லாந்தில், சியாங் மாய்க்கு வடக்கே எலிஃபண்ட் நேச்சர் பார்க் என்ற யானைகள் காப்பகத்தில் ஒரு வாரம். இதற்கும் கட்டணம் உண்டு, ஆனால் அது யானைகளின் தீனிக்கும் பராமரிப்புக்கும் போகிறது. சவாரி கிடையாது, வித்தை கிடையாது. பூசணி வெட்டினோம், சாணம் அள்ளினோம். பல் தேய்ந்த கிழ யானைகளுக்கு வாழைப்பழத்தைப் பிசைந்து உருண்டை பிடித்தோம். அதைத் தும்பிக்கை நுனியால் அவ்வளவு பதமாக வாங்கிக்கொள்கின்றன!

சியம் ரீப் போகிறவர்களுக்கு ஒன்று: அங்கோர் குழந்தைகள் மருத்துவமனையில் பயணிகளும் ரத்ததானம் செய்யலாம். நான் கொடுத்தேன். நீங்களும் கொடுங்கள்.