அப்பா 80 – ஏற்பாடு

சித்ரா: ஜோசியர் தேதி கொடுத்துவிட்டார். சதாபிஷேகம் ஏப்ரல் இரண்டாவது சனிக்கிழமை. இன்றே மண்டபத்துக்கு முன்பணம் கட்டணும். எல்லோரும் வருகிறீர்கள்தானே?

சுமதி: நாங்கள் நாலு பேர் அண்ணி

ரவி கலிபோர்னியா: அக்கா, அந்த வாரம்தான் நிலாவுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி. காலேஜ் அணிக்கு ஆள் எடுக்கக் கோச்சுகள் வந்து பார்ப்பார்கள். ஒரு வாரம் தள்ள முடியுமா?

சித்ரா: நட்சத்திரத்தை எங்கேடா தள்ளுவது

பாலு: ரவி, தப்பா நினைக்காதே. இந்தக் குட்டிக்கரணம் எத்தனை நாளைக்கு? அப்புறம் என்ன செய்வாள்?

ரவி கலிபோர்னியா: அத்தான், 2019இல் அனாஹைமில் யூசிஎல்ஏ காலேஜ் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே ஆடி 10க்கு 10 வாங்கினாளே, நீங்களே மூன்று தடவை இங்கே அனுப்பிய வீடியோ. கேட்லின் ஒஹாஷி. 15 வயதில், 2013 அமெரிக்கன் கப் போட்டியில், பின்னால் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய சிமோன் பைல்ஸை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியவள். அப்புறம் முதுகில் அடி, தோளில் ஆபரேஷன். ஒலிம்பிக் போகவே இல்லை. எழும்ப முடியாத குண்டுப் பறவை என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். ஆட்டமே வெறுத்துப்போனவளுக்கு காலேஜில்தான் அது மறுபடி பிடித்தது. 2018இல் அணிக்குத் தேசியப் பட்டம், தரையில் ஆடும் ஃப்ளோர் பிரிவில் அவளுக்கும் பட்டம்.

சுமதி: உடம்பைப் பற்றிப் பேச நம் வீட்டிலும் ஆள் உண்டு

சித்ரா: யாரைச் சொல்கிறாய் சுமதி

சுமதி: பொதுவாகச் சொன்னேன் அண்ணி

கார்த்தி: ஆஹா

பாலு: கோடிக்கணக்கான பேர் பார்த்தார்களே, நல்ல காசு வந்திருக்குமே

ரவி கலிபோர்னியா: அதுதான் இல்லை. காலேஜ் அணியில் இருக்கிறவரை தன் பெயரை வைத்துக் காலணா சம்பாதிக்கக் கூடாது என்பது காலேஜ் விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் அப்போதைய விதி. வீடியோ வந்த 2019இலேயே கலிபோர்னியாவில் அதற்கு எதிராகச் சட்டம் போட்டார்கள், படிப்பை முடித்திருந்த இவளும் ஆதரித்துப் பேசினாள். 2021 ஜூலையில் என்சிஏஏவும் விட்டுக்கொடுத்தது. அவளுக்கு உதவவில்லை, நிலாவுக்கு உதவும்.

பாலு: இப்போது என்ன செய்கிறாள்

ரவி கலிபோர்னியா: பாலினவியல் பட்டதாரி. அவள் முடித்த சமயத்தில் காலேஜ் முடிந்தால் போட்டியும் முடிந்த மாதிரிதான், ஐபிஎல் போல இதற்கு ஒன்றும் இருக்கவில்லை. 2021இல் பைல்ஸ் குழுவோடு ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சி செய்தாள். உடல் கேலியைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறவள்.

பாலு: ஆக, நிரந்தர வேலை இல்லை

கார்த்தி: அப்பா ப்ளீஸ்

சுமதி: சமையல் யார்? போன தடவை மூன்றாம் பந்திக்குப் பாயசமே இல்லை

சித்ரா: அது உன் அண்ணன் பிடித்துக் கொடுத்த ஆள்

சுமதி: அவனை ஏன் இழுக்கிறீர்கள்

கார்த்தி: தாத்தா வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறார்

சித்ரா: இங்கே மிக்ஸி சத்தம். என்ன சொல்கிறார்?

கார்த்தி: மண்டபத்தில் லிஃப்ட் இருக்கா என்று கேட்கிறார்

ரவி கலிபோர்னியா: அக்கா, நான் மட்டும் வரட்டுமா? நிலாவும் அவள் அம்மாவும் போட்டிக்குப் போகட்டும்

சித்ரா: பேத்தி இல்லாமலா? ராத்திரி போன் பண்ணு, பேசலாம். முதலில் முன்பணம் யார் ஜிபே பண்ணுகிறீர்கள்?

சித்ரா: ஹலோ?

கார்த்தி: எல்லோரும் பார்த்துவிட்டார்கள் அம்மா, நீல டிக் வந்துவிட்டது