கஜாவுக்குப் பிறகு ஊரைவிட்டுப் போனவர்களைக் கணக்கெடுப்பது எப்படி?

கடலோரக்குறிப்பு:

முதுகலை ஆய்வுக்காக வேதாரண்யம், முத்துப்பேட்டை, பேராவூரணிப் பக்கம் ஆறு ஊர்களில் வீடுவீடாகக் கணக்கெடுக்கவேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயலுக்குப் பிறகு யார் ஊரைவிட்டுப் போனார்கள், யார் தங்கினார்கள், ஏன் என்பதுதான் கேள்வி. சிக்கல் என்னவென்றால், "புயலால் உங்கள் வீட்டிலிருந்து யாராவது வெளியூர் போனார்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றே பதில் வருகிறது. அதே தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குக் குறைவில்லை. இன்னொன்றும் புரியவில்லை: குடிசை போனவர்கள் ஊரில் இருக்கிறார்கள், தென்னந்தோப்பு வைத்திருந்தவர் வீட்டுப் பிள்ளைகள் போயிருக்கிறார்கள். பாதிப்பு அதிகமானால் இடப்பெயர்வும் அதிகமாகும் என்ற கணக்கு இங்கே ஏன் பொருந்தவில்லை? கேள்வித்தாளை எப்படி மாற்றலாம்?

பட்டியல்காரன்:

முதலில் அந்தக் கேள்வியைத் தூக்கிப் போடுங்கள். புயல் அடித்த மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாரும் கிளம்புவதில்லை. தோப்பு விழுந்து, கடன் ஏறி, ஒன்றரை வருஷம் கழித்துப் பையன் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போகிறான். கேட்டால் "வேலைக்குப் போயிருக்கான்" என்பார்கள். அது பொய்யும் இல்லை. அரசுக் கணக்கெடுப்பிலேயே இந்தச் சங்கடம் உண்டு. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இடம்பெயர்ந்த காரணங்களில் வறட்சி, வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றம் என்று ஒரு தனி வரி இருந்தது. 2001ல் அதை எடுத்துவிட்டார்கள். 2011லும் இல்லை. எனவே அந்த அட்டவணைகளை வைத்துப் புயலைத் தேடினால் "வேலை", "குடும்பத்துடன்", "மற்றவை" என்பதற்குள்தான் அது கரைந்து கிடக்கும்.

காரணத்தைக் கேட்காமல் காலத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெரிய தாள். மேலே மாதங்கள், பக்கவாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவர் பெயர். 2016 ஜனவரியில் தொடங்குங்கள், புயலுக்கு முந்தைய இரண்டரை வருஷமாவது வேண்டும். அது இல்லாவிட்டால் கஜாவுக்கு முன்பே போய்க்கொண்டிருந்தவர்களையும் கஜா கணக்கில் எழுதிவிடுவீர்கள். 2016ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதையும் வறட்சிப் பகுதி என்று அறிவித்ததை மறக்கவேண்டாம். அந்த வருஷமே நிறையப் பேர் கிளம்பியிருப்பார்கள்.

மாதம் யாருக்கும் நினைவிருக்காது. தாளில் அடையாளங்கள் போட்டுவையுங்கள்: பணமதிப்பு நீக்கம் (2016 நவம்பர்), ஜெயலலிதா மறைவு (2016 டிசம்பர்), கஜா, நாடாளுமன்றத் தேர்தல் (2019 ஏப்ரல்), ஊரடங்கு (2020 மார்ச்), நிவர் புயல் (2020 நவம்பர்), சட்டமன்றத் தேர்தல் (2021 ஏப்ரல்). "ஓட்டுப் போடும்போது பையன் ஊரில் இருந்தானா?" என்று கேட்டால் பதில் பளிச்சென்று வரும். ஊரடங்கு முக்கியம். கஜாவுக்குப் பின் போய் 2020ல் திரும்பி வந்தவரை "இப்போது எங்கே இருக்கிறார்" என்ற ஒற்றைக் கேள்வி பிடிக்கவே பிடிக்காது.

எவ்வளவு நாள் போனால் இடப்பெயர்வு என்பதையும் முன்கூட்டி முடிவுசெய்யுங்கள். தேசிய மாதிரி ஆய்வின் 64ஆவது சுற்றில் (2007-08) வேலைக்காக ஒரு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு உட்பட்டும் வெளியே இருந்தவர் குறுகியகால இடம்பெயர்ந்தவர். அதே வரையறையை எடுத்தால் பிறகு ஒப்பிட வசதி.

இனி, பூட்டிய வீடு. பட்டியலில் வந்த வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவது வழக்கம். இந்த ஆய்வில் அதைச் செய்தால் போனவர்களை எல்லாம் வெட்டியெறிந்துவிட்டு, இருப்பவர்களிடம் "யார் போனார்கள்" என்று கேட்பதாகிவிடும். முதல் நாள் ஊரையே சுற்றி ஒவ்வொரு வாசலையும் எழுதுங்கள். பூட்டிய வீடு, இடிந்த வீடு, அடித்தளம் மட்டும் மிஞ்சிய மனை எல்லாம் பட்டியலில் வரவேண்டும். பூட்டிய வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் இருவரைத் தனித்தனியாகக் கேட்டு, பதில் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கைபேசி எண் வாங்கி நேரடியாகப் பேசமுடிந்தால் இன்னும் நல்லது. ரேஷன் அட்டைப் பட்டியலை மட்டும் நம்பவேண்டாம். ஆள் போய் வருஷக்கணக்கானாலும் அட்டை ஊரிலேயே இருக்கும்.

எத்தனை வீடு? ஐந்தில் ஒரு வீட்டில் ஆள் போயிருப்பார்கள் என்று வைத்து, 5 சதவீதப் புள்ளி முன்பின் துல்லியம் வேண்டுமென்றால் 246. வீடுகள் ஊர் ஊராகக் கொத்தாக வருவதால் (ஒரே ஊர் வீடுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்) அதை இரண்டால் பெருக்கவேண்டும், ஏறக்குறைய 500. ஆறு ஊருக்குப் பிரித்தால் ஊருக்கு 80, 85. இதோடு காற்றின் பாதைக்கு வெளியே, ஆனால் அதே காவிரிப் பாசனத்தில் இருக்கும் இரண்டு ஊரையாவது சேருங்கள். சீர்காழிப் பக்கம் பார்க்கலாம். ஒப்பிட ஊர் இல்லாவிட்டால் "டெல்டாவில் எல்லாப் பிள்ளைகளும்தானே போகிறார்கள்" என்று ஒருவர் கேட்டால் பதில் இருக்காது.

நெட்டைமரம்:

தோப்புக்காரர் வீடு ஏன் காலியாகிறது என்பதற்கு மரத்தின் வயதைப் பார்த்தால் போதும்.

25 அடிக்கு 25 அடி என்றால் ஏக்கருக்கு 70 மரம். கஜாவுக்கு அரசு மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் அறிவித்தது. ஏக்கருக்கு 77,000. நல்ல மரம் வருஷத்துக்கு 80 காய், காய் 10 ரூபாய் என்று வைத்தால் ஏக்கருக்கு 56,000. அதாவது முழு நிவாரணமும் ஒன்றேகால் வருஷ வரவுக்குச் சற்று மேல். நெட்டை ரகம் புதிதாக வைத்தால் பாளை தள்ள ஆறேழு வருஷம், நிறைகாய்ப்புக்குப் பத்துக்கு மேல். குட்டை மூன்று நான்கு வருஷத்தில் வரும், ஆனால் வறட்சி தாங்காது. இந்த இடைவெளியை எதை வைத்து ஓட்டுவது? கன்று சின்னதாக இருக்கும்வரை உளுந்து, கடலை, வாழை போடலாம். அதற்கு மேல் நிழல் விழுந்துவிடும். நெல் வயலில் ஒரு போகம் போனால் அடுத்த போகம் உண்டு. தோப்பில் போனால் பிள்ளை எட்டாம் வகுப்பில் இருந்து கல்லூரி போகும்வரை வருமானம் இல்லை. பாஸ்போர்ட் எடுப்பது அங்கேதான் தொடங்குகிறது.

நிற்கிற மரத்தையும் கணக்கில் எடுங்கள். குருத்து முறுக்கிய மரம் வெளியே பார்க்கப் பச்சையாக நிற்கும், மாதங்கள் கழித்து மண்டை சாயும். விழுந்த மரத்தை மட்டும் எண்ணியிருந்தால் அது நிவாரணப் பட்டியலில் வராது. அடுத்தது வண்டு. விழுந்த மரத்தை அப்படியே போட்டுவைத்தால் மக்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். சில மாதங்களில் கிளம்பும் வண்டு புதுக்கன்றின் குருத்தைத்தான் துளைக்கும், ஓலை விரியும்போது கத்தரியால் முக்கோணமாக வெட்டினதுபோல் இருக்கும். ஒரே வாரத்தில் மாவட்டம் முழுக்க மரம் விழுந்தால் அறுக்க ஆளும் வாங்க ஆளும் கிடைக்காது. அப்போது 500 ரூபாயில் என்ன அகற்றுவது? ஆகவே "எத்தனை மரம் விழுந்தது" என்பதோடு "எந்த மாதம் தோப்பு சுத்தமானது", "மறுநடவு எத்தனை தடவை" என்று இரண்டு வரி சேருங்கள். இரண்டாவது தடவையும் கன்று போனவர் வீட்டில்தான் ஆள் கிளம்பியிருப்பார் என்பது என் கணிப்பு. சோதித்துப் பாருங்கள்.

அடங்கல்:

மேலே சொன்னதில் ஒரு ஓட்டை. அந்த 1,100 யார் கைக்குப் போனது? பட்டாவும் அடங்கலும் (கிராமச் சாகுபடிப் பதிவேடு) யார் பேரில் இருக்கிறதோ அவர் கைக்கு. டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருக்கும் உடைமைக்காரர் நிலம் எக்கச்சக்கம். குத்தகைதாரர் உரிமையைப் பதிய 1969ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. ஆனால் வாய்மொழிக் குத்தகையில் சாகுபடி செய்பவர் அந்தப் பதிவேட்டில் இருக்கமாட்டார். விதை, உரம், கடன் எல்லாம் அவருடையது. நிவாரணம் அவருடையது இல்லை. "சொந்த நிலம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் இவர் நிலமற்றவர் என்று பதிவாகிவிடுவார். நான்காகப் பிரியுங்கள்: சொந்தம், பதிந்த குத்தகை, வாய்மொழிக் குத்தகை, புறம்போக்குச் சாகுபடி. "இழப்பு எவ்வளவு, வந்தது எவ்வளவு, யார் பேரில் வந்தது" என்று மூன்றாகக் கேளுங்கள்.

குடிசைக்காரர் ஏன் தங்கினார் என்று கேட்டீர்கள். தங்கினார் என்பதே பாதி உண்மைதான். வெளிநாடு போக ஏஜெண்டுக்குக் கொடுக்கப் பணமோ அடகுவைக்கப் பத்திரமோ வேண்டும், இரண்டும் இல்லை. அதனால் போகும் தூரம் குறைகிறது, போகும் விதமும் மாறுகிறது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு ஜோடியாகப் போவார்கள், சீசன் முடிந்ததும் வருவார்கள். பெண்பிள்ளை மில்லுக்குப் போயிருக்கும். நீங்கள் மழைக்காலத்தில் கணக்கெடுத்தால் சூளைக்காரர்கள் ஊரில் இருப்பார்கள், "யாரும் போகவில்லை" என்று எழுதிக்கொண்டு வருவீர்கள். முன்பணம் வாங்கினார்களா, எவ்வளவு, கழிந்துவிட்டதா என்று கேளுங்கள். கழியாத கடனோடு திரும்பி வந்தவரை "ஊரில் தங்கியவர்" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

பொங்கல் வாரத்தில் போவது நல்லதா என்று யோசிப்பீர்கள். போனவர்களை நேரில் பிடிக்க நல்லது, பட்டியல் எடுக்க மோசம். பட்டியலை வேறு மாதத்தில் முடித்துவிட்டு, பொங்கலுக்கு விடுபட்ட வீடுகளை மட்டும் முடியுங்கள்.

உவர்நிலம்:

புயலை மட்டும் பார்த்தால் மெதுவாக நடப்பது தப்பிவிடும். வேதாரண்யம் பக்கம் மணல்மேட்டுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீர் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கணக்குப்படி கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி வரை நன்னீர். மோட்டார் போட்டு அந்த ஓரடியைக் குறைத்தால் கீழிருந்து 40 அடி உப்பு ஏறும், உடனே இல்லாவிட்டாலும் போகப்போக. "கடல்நீர் உட்புகுந்ததா?" என்று கேட்டால் யாருக்கும் புரியாது. "குடிக்கத் தண்ணீரை எந்த வருஷத்திலிருந்து காசு கொடுத்து வாங்குகிறீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை குடம்?" என்று கேளுங்கள்.

வயலில் கடல்நீர் ஏறிய ஊர்களில் மண்ணையும் பாருங்கள். வயலுக்குப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் அரையடி ஆழம் வெட்டி, கலந்து, அரைக்கிலோ. அடுத்த அரையடியைத் தனிப்பையில். இங்கே வழக்கமாக வரும் தவறு: புத்தகத்தில் "மின்கடத்துத்திறன் 4க்கு மேல் உவர் மண்" என்று இருக்கும், அது மண்ணைக் குழைத்துப் பிழிந்தெடுத்த சாற்றின் அளவு. நம் பரிசோதனை நிலையங்களில் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கலந்து அளந்தால் எண் பல மடங்கு குறைவாக வரும். அப்படி 1.5 என்று வந்தால் அதைப் புத்தகத்தின் 4உடன் ஒப்பிட்டு "உப்பில்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

நாள் முக்கியம். சுனாமி டிசம்பர் 26ல் வந்தது, பருவமழை முடிந்த நேரம். உப்பைக் கழுவ அடுத்த மழை வரை காத்திருக்கவேண்டியிருந்தது. கஜா நவம்பர் நடுவில் வந்ததால் மிச்சமிருந்த மழை கொஞ்சம் கழுவியது. வரப்பு உயர்த்தி, தண்ணீர் கட்டி, இரண்டு நாள் கழித்து வடித்து, மறுபடி கட்டவேண்டும். வடிய வாய்க்கால் இருக்கவேண்டும். வாய்க்கால் தூர்ந்துபோன இடத்தில் உப்பு மண்ணுக்குள்ளேயே இறங்கி, சித்திரையில் வெள்ளையாகப் பூத்து மேலே வரும். அங்கே ஜிப்சம் கொட்டிப் பயனில்லை. சோடியம் ஏறிக் களரான மண்ணுக்குத்தான் ஜிப்சம். வெறும் உப்புக்குத் தண்ணீரும் வடிகாலும்தான் மருந்து. ஆகவே ஒரே கடல்நீர் ஏறிய இரண்டு ஊரில், ஒன்றில் மறுவருஷமே தக்கைப்பூண்டு மடக்கி நெல் நட்டிருப்பார்கள், இன்னொன்று தரிசாகக் கிடக்கும். இடப்பெயர்வு வித்தியாசம் உங்களுக்கு அங்கே கிடைக்கலாம். வாய்க்கால் நிலையை ஊர்ப்படிவத்தில் எழுதுங்கள்.

பட்டியல்காரன்:

இரண்டு சின்னச் சேர்க்கை. ஒன்று, உங்கள் தலைப்பில் "காலநிலை அகதிகள்" என்று போடவேண்டாம். 1951 அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசம், சமூகக் குழு, அரசியல் கருத்து என்ற ஐந்து காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சத்தில் நாட்டெல்லை தாண்டியவருக்கானது. பேராவூரணியிலிருந்து திருப்பூர் போனவர் அதில் வரமாட்டார். இரண்டு, பேரிடர் இடப்பெயர்வு என்று உலக அறிக்கைகளில் வரும் எண்ணில் முன்கூட்டியே முகாமுக்குக் கொண்டுபோனவர்களும் சேர்த்தி. கஜாவுக்கு முன் 80,000க்கும் மேற்பட்டோரை முகாம்களுக்கு மாற்றினார்கள். அதில் பெரும்பாலானோர் வீடு திரும்பியவர்கள். அந்த எண்ணை உங்கள் எண்ணோடு வைத்துப் பார்க்கவேண்டாம்.

கடலோரக்குறிப்பு:

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம். மீனவர் ஊர்களில் ஒரே குடும்பத்துக்குச் சுனாமிக் குடியிருப்பில் ஒரு வீடும் கரையோரம் ஒரு வீடும் இருக்கிறது. எதைப் பட்டியலில் எழுதுவது? வயசான அம்மா மட்டும் இருக்கும் வீட்டை என்ன செய்வது?

அடங்கல்:

இரண்டையும் எழுதி, ஒரே எண் கொடுத்து அ, ஆ என்று பிரியுங்கள். 2005 மார்ச்சில் வந்த அரசாணைப்படி கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு அரசு உதவியில் வீடு வேண்டுமென்றால் தள்ளித்தான் கிடைக்கும். அங்கேயே இருந்தால் உதவி இல்லை. படகும் வலையும் கரையில்தான், ஆகவே பல இடங்களில் பழைய இடமும் கைவிடப்படவில்லை. "நேற்றிரவு யார் எங்கே படுத்தார்கள், வலை எங்கே இருக்கிறது" என்று கேட்டால் தெரிந்துவிடும். பூட்டியிருக்கும் "ஆ" வீட்டைப் பார்த்துக் குடும்பமே போய்விட்டது என்று எழுதிவிடாமல் இருக்க இது போதும்.

அம்மா மட்டும் இருந்தால், பணம் அனுப்புகிறவர்களையும் அதே தாளில் ஏற்றுங்கள். ஒரே அடுப்பில் சாப்பிடுபவர்தான் குடும்பம் என்ற வழக்கமான வரையறையை அப்படியே எடுத்தால், போன மூன்று பிள்ளைகளும் தாளிலிருந்து காணாமல் போய், "இடப்பெயர்வு இல்லாத ஒருவர் குடும்பம்" என்று அந்த அம்மா பதிவாகிவிடுவார். அடுத்த புயலுக்கு முகாமுக்கு யார் கூட்டிப்போவார்கள் என்ற கேள்வியையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.