சிப்பிப்பாறை, பக் இரண்டையும் கூட்டிக்கொண்டு ஜவ்வாது மலை: எந்த வழி, டென்ட் எங்கே போடலாம்?

பல்லாவரம்_குறட்டை:

வணக்கம். வீட்டில் இரண்டு நாய்கள். ஒன்று சிப்பிப்பாறை, பெட்டை, மூன்று வயது. இன்னொன்று பக், ஏழு வயது ஆகிறது, என் புனைபெயரே அவன் தயவில் வந்ததுதான். பொங்கல் கழிந்து ஜனவரி கடைசியில் நானும் மனைவியும் இரண்டையும் வேகன்ஆரில் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் பக்கம் போய் இரண்டு ராத்திரி டென்டில் தங்கலாம் என்று யோசனை. ஏற்காடு, ஏலகிரியில் ரூம் கேட்டால் நாய் என்ற சொல்லைக் கேட்டதுமே போனை வைத்துவிடுகிறார்கள்.

பெங்களூர் ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே போக விருப்பம் இல்லை, நாயை இறக்கி நடத்த ஓரம்கூடக் கிடைக்காது. வண்டலூர், வாலாஜாபாத், காஞ்சிபுரம், செய்யாறு, ஆரணி, போளூர் என்று உள்ரோட்டிலேயே போய் மலை ஏறினால் சரிவருமா? காட்டுக்குள் ஓடை ஓரமாக எங்கேயாவது டென்ட் போட விடுவார்களா? பக் மலை வளைவில் கண்டிப்பாக வாந்தி எடுப்பான், அதற்கு என்ன செய்வது? சிறுத்தை, கரடி பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

போளூரான்:

நல்ல வழிதான் பிடித்திருக்கிறீர்கள். செய்யாறு தாண்டிவிட்டால் ரோட்டோரம் ஏரிக்கரை, புளியமரம், நிழல் என்று நாயை இறக்க இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரே தொந்தரவு, நீங்கள் சொல்லும் சமயம் சம்பா அறுவடை. ஆரணி சுற்று வட்டாரத்தில் ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டு எடுத்துக்கொண்டிருப்பார்கள், அதன்மேல் கல் அடுக்கி வைத்திருப்பார்கள், வேகமாக வந்தால் கல்லும் தெரியாது கோழியும் தெரியாது. போளூரிலேயே பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். மலை ரோடு குறுகல், இருட்டுவதற்குள் ஏறி முடிப்பது நல்லது.

இப்போது முக்கியமான விஷயம். காட்டுக்குள் டென்ட் என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். ஜவ்வாது மலையில் பெரும்பகுதி காப்புக்காடு, அனுமதி இல்லாமல் உள்ளே போனாலே 1882 வனச் சட்டத்தில் வழக்குப் போடலாம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீ விபத்துக்குப் பிறகு கெடுபிடி இன்னும் அதிகம், அடுப்பு மூட்டினால் தூரத்திலிருந்தே புகையைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். எல்லாருக்கும் பொருந்துவது இது. உங்களுக்கு இன்னொன்று கூடுதலாக இருக்கிறது: கூட இருப்பது சிப்பிப்பாறை. ராத்திரியில் டார்ச் லைட், கார், வேட்டை நாய், மூன்றும் காப்புக்காட்டு ஓரத்தில் ஒன்றாக இருந்தால் வனத்துறை வாட்சர் கண்ணுக்கு அது முயல் வேட்டைதான், பிக்னிக் இல்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முயலும் அடக்கம், நாய் வைத்து முயல் பிடித்தவர்களைப் பிடித்து அபராதம் போட்ட செய்தி நம் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வரும். பக்கத்தில் ஒரு பக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பதைக் காட்டிப் புரியவைத்துக்கொண்டிருக்க முடியாது.

பட்டா நிலமாகப் பாருங்கள். மலைமேல் சாமை, கேழ்வரகு விதைக்கிற நிலங்கள் அறுவடை முடிந்து காலியாகக் கிடக்கும். ஊரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பெரியவர்களிடம் நேரில் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், களத்து மேட்டிலேயே போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். காசு கொடுங்கள், இலவசமாகத் தங்காதீர்கள். ஆடு, கோழி எங்கே அடைக்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டு அதற்கு எதிர்ப்பக்கம் டென்ட் போடுங்கள், ஏனென்றால் உங்கள் சிப்பிப்பாறை ஓர் ஆட்டுக்குட்டியைத் துரத்திவிட்டால் அந்த ஊரில் உங்களுக்கு மட்டுமில்லை, அடுத்து நாயோடு வருகிற யாருக்கும் இடம் கிடைக்காது.

ஊசி_டாக்டர்:

பக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதைப் போளூரான் சொல்லிவிட்டார்.

வாந்தியைவிட வெப்பம்தான் எனக்குக் கவலை. ஜனவரியில் மலைமேல் குளிர், சரி, ஆனால் காஞ்சிபுரம் தாண்டும்போது பகல் பதினொரு மணி வெயில் வெயில்தான். நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும், பக்குக்கு மூக்குத்துளை குறுகல், உள்ளே அண்ணச் சதையும் நீளம், அதனால் அந்த வேலை அரைகுறையாகத்தான் நடக்கும். டீ குடிக்க இறங்கும்போது ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் பூட்டிப் போவது உதவவே உதவாது, வெயிலில் நிற்கும் காரில் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். ஒருவர் எப்போதும் நாயோடு இருங்கள். நாக்கு கருஞ்சிவப்பாக மாறி, எச்சில் பசை மாதிரி கெட்டியாகி, நடை தள்ளாடினால் உடனே அங்கேயே தண்ணீரை உடல் முழுக்க ஊற்றி விசிறுங்கள், அப்புறம் டாக்டரைத் தேடுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் பயணம். இந்த வரிசை மாறினால் வழியிலேயே கைமீறிப் போகலாம்.

வாந்திக்கு மரோபிடன்ட் மாத்திரை இருக்கிறது, உங்கள் டாக்டர் எடை பார்த்து எழுதித் தரட்டும். வீட்டில் இருக்கும் மனுஷ மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்காதீர்கள். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் கொடுக்கலாம்.

ஓட்டல் சாப்பாடு: சாம்பார் சாதம், சால்னா எல்லாவற்றிலும் வெங்காயம், நாய்க்கு ஆகாது. தயிர்சாதம் பரவாயில்லை என்று வாங்குவீர்கள், அதில் திராட்சை போட்டிருப்பார்கள், அது இன்னும் மோசம். வீட்டிலிருந்தே சாப்பாடு எடுத்துப் போங்கள். ரேபிஸ் உள்பட எல்லாத் தடுப்பூசியும் நடப்பில் இருக்கட்டும், அட்டையைக் கையில் வையுங்கள். எலிக்காய்ச்சலுக்கான ஊசி போட்டிருந்தாலும் குட்டைத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள்.

மலைக்காக்கை:

என் கருத்து, பக்கை வீட்டில் யாரிடமாவது விட்டுவிட்டுப் போங்கள். ஏழு வயசுக் கிழவனுக்கு எதற்கு டென்ட்? உங்கள் ஆசைக்காக அவன் மூச்சுத்திணற வேண்டுமா?

நாலுகால்_சாரதி:

மலைக்காக்கை சொல்வதில் பாதிதான் சரி. மே மாதம் என்றால் நானும் அதையேதான் சொல்வேன். ஜனவரியில் அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் போளூரைத் தொட்டுவிட்டால் பக்குக்கு ஒன்றும் ஆகாது, ஏசி வேலை செய்தால் போதும். வீட்டில் தனியாக விட்டால் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடக்கும் நாய்களும் உண்டு.

சிப்பிப்பாறைக்கு வருகிறேன், என்னிடமும் அதே மாதிரி வேட்டை நாய் ஜாதியான கன்னி இருக்கிறது. இந்த ஜாதி நாய்களுக்குத் தலை ஒல்லி, கழுத்து தலையைவிடப் பருமன், சாதாரண காலரை இரண்டு அடி பின்வாங்கிக் கழற்றிவிடும். இழுத்தால் இறுகுகிற அகலமான காலர், அல்லது நெஞ்சோடு மாட்டுகிற ஹார்னஸ் வாங்குங்கள், நான் இரண்டையும் மாட்டி இரண்டு கயிறு போடுகிறேன். டென்ட் முளையில் கட்டவே கூடாது, ஒரு முயல் ஓடினால் டென்டும் சேர்ந்து ஓடும். காரின் டோ ஹூக்கில் கட்டுங்கள். ராத்திரி தூங்கும்போது இரண்டு நாயும் டென்டுக்குள்ளோ காருக்குள்ளோ உங்களோடுதான், வெளியே கட்டிப்போட்ட நாய் சிறுத்தைக்குத் தட்டில் வைத்த சோறு. காருக்குள் என்றால் நாலு ஜன்னலும் கொஞ்சம் திறந்திருக்கட்டும், விடிந்ததும் முதல் வேலையாக வெளியே எடுங்கள்.

கரடி வேறு கணக்கு. அதற்கு நாயைக் கண்டாலே ஆகாது. அவிழ்த்துவிட்ட நாய் கரடியைக் குரைத்துச் சீண்டிவிட்டு நேராக உங்களிடம்தான் ஓடி வரும், பின்னாலேயே கரடியும் வரும். பலா பழுக்கிற காலத்தில் இன்னும் ஜாக்கிரதை, ஜனவரியில் அவ்வளவு இல்லை, ஆனாலும் விடியற்காலையில் புதர் பக்கம் நாயை நடத்தாதீர்கள்.

நெருஞ்சி முள்ளும் ஒட்டுப்புல்லும் அறுவடையான நிலத்தில் ஏராளம். பாதத்தின் இடுக்கு, காது உள்பக்கம், அக்குள் எல்லாம் சாயங்காலம் டார்ச் அடித்துப் பாருங்கள், அப்படியே உண்ணியும் பார்த்துவிடலாம். தென்னந்தோப்பில் இடம் கொடுத்தால் நன்றி சொல்லிவிட்டு மரத்தடியை விட்டுத் தள்ளிப் போடுங்கள், தேங்காய் ஆள் பார்த்து விழாது.

ஊசி_டாக்டர்:

உண்ணி பற்றிச் சொன்னது நல்லது. கிளம்பும் முன்பே உண்ணி மருந்து கொடுத்துவிடுங்கள், மாத்திரையாகவே கிடைக்கிறது. திரும்பி வந்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சோர்வு, ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம் இதில் எது வந்தாலும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், மலைக்குப் போனதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, ஊர் நாய்களோடு மூக்கு உரச விடாதீர்கள். நம் நாயிடமிருந்து நோய் அங்கே போவதும் உண்டு, 2018இல் குஜராத் கிர் காட்டில் சிங்கங்கள் செத்ததில் நாய்களுக்கு வரும் கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ் உறுதியானது நினைவிருக்கும்.

பல்லாவரம்_குறட்டை:

எல்லாருக்கும் நன்றி. காட்டு ஓடை ஆசையை விட்டாச்சு. ஹார்னஸ் ஆர்டர் போட்டுவிட்டேன், பக்கும் வருகிறான், மலைக்காக்கை மன்னிக்கவும். போளூரான் அண்ணா, இறங்கும்போது காவலூர், ஆலங்காயம் வழியாக வாணியம்பாடி வரலாமா, அல்லது வந்த வழியேவா? காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறதே, அந்தப் பக்கம் ராத்திரி வானம் நன்றாகத் தெரியும் என்கிறார்கள்.

போளூரான்:

தாராளமாக இறங்கலாம், ரோடு அழகு. ஆனால் வாணியம்பாடி வந்ததும் நீங்கள் வேண்டாம் என்ற அதே பெங்களூர் ஹைவேதான், ஆம்பூர், வேலூர் என்று லாரிகளோடுதான் வர வேண்டும். மலையிலேயே விடியற்காலை கிளம்பினால் சமாளிக்கலாம். வானம் பார்க்க ஆய்வகத்துக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டியதில்லை, அங்கே இருட்டைக் காப்பாற்றத்தான் இடமே தேர்ந்தெடுத்தார்கள், நம் ஹெட்லைட் அவர்களுக்கு இடைஞ்சல். நீங்கள் தங்குகிற களத்து மேட்டிலேயே லைட்டை அணைத்துவிட்டுப் படுங்கள், போதும். அந்த ஊர்ப்பக்கம் இடம் கேட்க ஆள் வேண்டும் என்றால் தனிச்செய்தி போடுங்கள், எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், அவரிடமும் நாய் இருக்கிறது, ஆண் நாய், அதனால் உங்கள் பெட்டைக்குப் பருவம் எப்போது என்று பார்த்துக்கொண்டு தேதி வையுங்கள்.