சாம்பர் வேட்டைக்கு ரேஞ்ச்ஃபைண்டர்: மானைக் காட்டினால் 40 மீட்டர் என்கிறது

மெல்பேர்ன்_தம்பி
அவசரம். வெள்ளிக்கிழமை மலைக்குப் போகிறோம். நண்பர் தந்த ரேஞ்ச்ஃபைண்டரில் (லேசரால் தூரம் அளக்கும் கருவி) ஓடைக்கு அந்தப் பக்கம் நின்ற சாம்பரைப் பார்த்தால் ஒரு தரம் 40 என்கிறது, அடுத்த தரம் வெறும் கோடு. பின்னால் இருந்த பாறைக்கு ஒழுங்காகத் தூரம் வருகிறது. பழுதா? புதிது வாங்குவதென்றால் எது நல்லது? 1000 போதுமா?

டார்கோ_வாசி
துவக்கா, வில்லா? என்ன மாடல்? எவ்வளவு செலவழிக்கலாம்? 1000 மீட்டரா, கெஜமா? இதெல்லாம் சொல்லாமல் எதைச் சொல்வது தம்பி?

வில்லாளி
சரிவுதான் காரணம். கோணத்தைக் கணக்கில் எடுக்கும் மாடல் வாங்குங்கள். 30 பாகைச் சரிவில் நேர்கோட்டில் 300 மீட்டர் என்றால் குண்டு விழுவதற்குக் கணக்கில் வருவது 260தான்.

டார்கோ_வாசி
கணக்கு சரி. ஆனால் சரிவு 300ஐ 40 ஆக்காது.

பழைய_வேட்டைக்காரன்
இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் பொத்தானை அமுக்குகிறார்கள். கண்ணால் தூரம் குறிக்கத் தெரியாதவன் காட்டுக்குப் போகவே கூடாது. பற்றைக்குள் சாம்பர் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்தான் எழும்பும். முதலில் நடக்கப் பழகுங்கள், கருவி பிறகு.

வில்லாளி
ஐயா, பற்றைக்குள் சரி. ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவை 200 என்று கண் சொல்லும், உண்மையில் 300 இருக்கும். பெரிய மிருகம் கிட்ட நிற்பதுபோல் தெரிவது எல்லோருக்கும் நடப்பது. காயப்பட்டு ஓடும் மானை நினைத்துப் பாருங்கள்.

மெல்பேர்ன்_தம்பி
துவக்குதான் அண்ணை, .308 குண்டு. மாடல் பெயர் தேய்ந்துவிட்டது. நண்பர் கோல்ஃப் ஆட வாங்கியது.

டார்கோ_வாசி
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! கோல்ஃப் கருவி கிட்ட இருக்கும் பொருளைத்தான் பிடிக்கும். கொடிக்குப் பின்னால் மரம் இருந்தாலும் கொடியின் தூரம் வரவேண்டும் அல்லவா? உங்களுக்கு அது 40 மீட்டரில் ஆடும் கொப்பைப் பிடித்திருக்கிறது. வேட்டைக்கானவற்றில் தூரத்துப் பொருளுக்கு முன்னுரிமை தரும் மோட் இருக்கும், சிலதில் பற்றை மோட் என்றே போட்டிருப்பார்கள். அது இல்லாததை வாங்காதீர்கள்.

அடுத்தது, பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பளபளப்பான பலகைக்கு. மான் தோல் ஒளியை அவ்வளவு திருப்பி அனுப்பாது. வோர்டெக்ஸ் ரேஞ்சர் 1800ஐப் பாருங்கள்: அந்த 1800 கெஜம் பலகைக்கு, மானுக்கு 900தான் சொல்கிறார்கள். அதனால் '1000' என்று விற்பதில் மானுக்கு 500 கெஜம் வரும் என்று வையுங்கள், மழை தூறினால் அதுவும் குறையும். நீங்கள் 300க்கு மேல் சுடப்போவதில்லை என்றால் அதுவே போதும்.

கோவை_இயற்கை
மன்னிக்கவும், இடையில் வருகிறேன். சாம்பர் என்கிற கடமான் வேட்டை குற்றம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உலக அளவில் குறைந்துவரும் விலங்கு. இங்கே அதற்கு ஆலோசனையா?

வில்லாளி
இது இந்தியா இல்லை நண்பரே. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவுக்கு 1860களில் கொண்டுவந்து விட்ட மான் இது. உரிமம் எடுத்து ஆண்டு முழுவதும் வேட்டையாடலாம். மலை உச்சிச் சதுப்புகளை மிதித்துச் சேறாக்குவதும் இவைதான்.

கோவை_இயற்கை
கொண்டுவந்து விட்டது மனிதன், தண்டனை மானுக்கா? இந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை.

பழைய_வேட்டைக்காரன்
ஊரில் அழிகிறது, இங்கே பெருகுகிறது. இரண்டும் உண்மை. இதற்குத் தனி இழை திறங்கள். தம்பி ரேஞ்ச்ஃபைண்டர் கேட்டான்.

கண்ணாடி_குமார்
யாரும் சொல்லாத ஒன்று. லேசர் ஒரு புள்ளியாகப் போவதில்லை, விரியும். விரியும் கோணம் 1.5 மில்லிரேடியன் என்றால் 300 மீட்டரில் 45 சென்டிமீட்டர் அகலம். அதோடு, நீங்கள் பார்க்கும் குறியும் லேசர் போகும் இடமும் சில கருவிகளில் ஒன்றாக இருக்காது. வாங்கிய அன்றே சோதியுங்கள்: வெகுதூரத்தில் வானம் பின்னணியாக நிற்கும் விளக்குக் கம்பத்தை எடுங்கள். இடப்பக்கத்திலிருந்து மெல்ல நகர்த்தி எண் எப்போது வருகிறது என்று பாருங்கள், பிறகு வலப்பக்கம், மேலே. குறி கம்பத்தைத் தொடும் முன்பே எண் வந்தால் லேசர் கம்பம் இருக்கும் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

இன்னொன்று, எழுத்து சிவப்பாக ஒளிர வேண்டும். சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை சட்டம் விடுகிறது. அந்த நேரம் கருத்த சாம்பர் மேல் கறுப்பு எழுத்து தெரியவே தெரியாது.

வில்லாளி
கோணக் கணக்கையும் விடாதீர்கள்.

டார்கோ_வாசி
விடச் சொல்லவில்லை, மலைக்கு அது வேண்டும். துவக்கை எத்தனை மீட்டருக்கு ஸீரோ செய்திருக்கிறீர்கள் தம்பி, அதாவது எந்தத் தூரத்தில் குண்டு குறியிலேயே படும்? .308ஐ 200க்கு வைத்தால் 300இல் ஏறத்தாழ ஒரு சாண் இறங்கும். அது தெரியாமல் தூரம் மட்டும் தெரிந்து பயனில்லை.

டார்கோ_வாசி
தம்பி?

மெல்பேர்ன்_தம்பி
பற்றை மோட், சிவப்பு எழுத்து, கோணம் மூன்றும் உள்ளதாக ஒன்று வாங்கிவிட்டேன். கம்பத்தில் பார்த்தேன், கொஞ்சம் வலப்பக்கம் சாய்வு இருக்கிறது, மாற்றித் தருகிறார்கள். ஸீரோ 100இல்தான் அண்ணை. நாளைக்குச் சுடும் ரேஞ்சுக்குப் போகிறேன். நன்றி எல்லோருக்கும்.