கொடியில் இரண்டு நட்சத்திரம்

குட்டி: அத்தை, ஒரு சந்தேகம். 2024 டிசம்பர் வரை சிரியாவின் கொடியில் இரண்டு பச்சை நட்சத்திரம் இருந்தது, இப்போது மூன்று சிவப்பு. அந்த இரண்டு எதற்கு?

அத்தை: ஒன்று எகிப்து, ஒன்று சிரியா. 1958 பிப்ரவரியில் இரண்டும் சேர்ந்து ஒரே நாடாயின. பெயர் ஐக்கிய அரபுக் குடியரசு. தலைநகர் கெய்ரோ, அதிபர் எகிப்தை ஆண்ட நாசர்.

குட்டி: நடுவில் இஸ்ரேல் இருக்கிறதே! எல்லையே ஒட்டவில்லை 😳

மாமா: நாசருக்கு அதெல்லாம் ஒரு கணக்கா? 1956-இல் சூயஸ் கால்வாயை அரசுடைமை ஆக்கிய தெம்பு. அப்படியே சிரியாவையும் விழுங்கிவிட்டார்.

அத்தை: இல்லைங்க. தேடிப் போய்க் கேட்டதே சிரியாக்காரர்கள்தான். 1958 ஜனவரியில் ராணுவ அதிகாரிகள் சொந்த அரசாங்கத்திடம்கூடக் கேட்காமல் விமானம் ஏறி கெய்ரோவில் போய் இறங்கினார்கள். வெளியுறவு அமைச்சர் பிதார் பின்னாலேயே போனார். நாசர்தான் முதலில் தயங்கினார்.

துபாய் அண்ணா: என்ன அவசரம் அவர்களுக்கு?

அத்தை: 1949-இல் மட்டும் அங்கே மூன்று ராணுவப் புரட்சி. ஒரு அதிகாரியை இன்னொருவர் நம்ப மாட்டார். கம்யூனிஸ்டுகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களை அடக்க நாசர் வேண்டும், ஆனால் நாட்டை நாம் நடத்தலாம் என்று பிதாரின் பாத் கட்சி கணக்குப் போட்டது. அரபு நாடுகள் ஒன்றாக வேண்டும் என்ற கட்சி அது.

அத்தை: நாசர் போட்ட நிபந்தனையைக் கேளுங்கள். கூட்டாட்சி கிடையாது, முழு இணைப்பு. கட்சிகள் எல்லாம் கலைய வேண்டும். ராணுவம் அரசியலில் தலையிடக் கூடாது. பாத் கட்சி இதற்கும் சரி என்றது! கேட்டுப் போன கட்சியே தன்னைக் கலைத்துக்கொண்டது.

மாமா: நான் சொன்னதும் அதைத்தானே? விழுங்கினார்.

அத்தை: வாயைத் திறந்து கொடுத்தால் யார்தான் விழுங்க மாட்டார்கள் 😄

துபாய் அண்ணா: மக்கள் ஓட்டுப் போட்டார்களா?

அத்தை: போட்டார்கள். இரண்டு நாட்டிலும் ஆதரவு 99 சதவீதத்துக்கு மேல். அந்தக் கணக்கை நான் நம்ப மாட்டேன். ஆனால் நாசர் டமாஸ்கஸ் போனபோது திரண்ட கூட்டம் பொய்யில்லை. சிரிய அதிபர் குவத்லி தன் பதவியையே விட்டுக்கொடுத்தார்.

குட்டி: அப்புறம் ஏன் உடைந்தது?

அத்தை: முடிவெல்லாம் கெய்ரோவில். நாசரின் நண்பர் ஆமர் டமாஸ்கஸில் உட்கார்ந்து ஆண்டார். உளவுக்கு சர்ராஜ் என்றொருவர், பெயரைக் கேட்டாலே ஊர் நடுங்கும். நிலச் சீர்திருத்தம் வந்த காலத்திலேயே பெரிய வறட்சி. 1961 ஜூலையில் வங்கிகளும் பெரிய ஆலைகளும் அரசுடைமை. டமாஸ்கஸ், அலெப்போ வியாபாரிகள் விடுவார்களா?

துபாய் அண்ணா: புரட்சியா?

அத்தை: 1961 செப்டம்பர் 28. நடத்திய அதிகாரிகளில் முக்கியமானவர் நஹ்லாவி, ஆமரின் சொந்த அலுவலகத்தில் இருந்தவர்! ஆமரை விமானத்தில் ஏற்றி கெய்ரோவுக்கு அனுப்பினார்கள். சர்ராஜும் ஆமரும் முட்டிக்கொண்டதில், சர்ராஜ் அதற்கு இரண்டு நாள் முன்புதான் பதவி விலகியிருந்தார். மோப்பம் பிடிக்க ஆளில்லை.

மாமா: நாசர் படை அனுப்பினாரே?

அத்தை: சிரியத் துறைமுக நகரம் லடாக்கியாவுக்குக் கொஞ்சம் பாராசூட் வீரர்கள். பிறகு அரபு ரத்தம் சிந்த வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அந்த இடத்தில் அவரை நான் மெச்சுவேன்.

குட்டி: மூன்றரை வருடம்தான் நாடு. கொடி மட்டும் 2024 வரைக்குமா?

அத்தை: இல்லை, பிரிந்ததும் மாற்றினார்கள். 1980-இல் அப்போதைய சிரிய அதிபர் ஹாபிஸ் அசாத் திரும்பக் கொண்டுவந்தார். எகிப்தோ தனியாக நின்றும் 1971 வரை பழைய பெயரையே வைத்திருந்தது.

துபாய் அண்ணா: இணைந்திருந்தபோது அசாத் எங்கே இருந்தார்?

அத்தை: கெய்ரோவில்! இணைப்புக் காலத்தில் எகிப்துக்கு மாற்றப்பட்ட சிரிய அதிகாரிகளில் ஒருவர். பாத் கட்சியைக் கலைத்த கோபத்தில் அந்த அதிகாரிகளில் சிலர் அங்கேயே ரகசியக் குழு அமைத்தார்கள். அவர், சலா ஜதீத், உம்ரான் எல்லாம் அதில். 1963 மார்ச்சில் சிரியாவில் ஆட்சியைப் பிடித்ததில் அந்தக் குழுவுக்குப் பெரிய பங்கு.

மாமா: பிறகு ஜதீதையே சிறையில் போட்டாரே அசாத்.

அத்தை: 1970-இல். சாகும்வரை வெளியே விடவில்லை. சரி, அடுப்பில் பால் இருக்கிறது, மீதியை மாமா சொல்லட்டும்.